இன்குரலும் இரைச்சலும்

தாம்பரம் ஒரு காலத்தில் அமைதியை நாடியவர்கள் தேடிச் சென்ற ஊர். காசநோயால் வருந்தியோர்க்கென டாக்டர் சவுரி முத்து 1928ஆம் ஆண்டில் அங்கே ஒரு மருத்துவ நிலையத்தைத் தோற்றுவித்தார். தூய காற்றும் ஓய்வுமே அந்நாளில் அந்நோய்க்குக் கைகண்ட மருந்துகளாக இருந்தன. அவ்விரண்டும் பட்டணத்தில் கிடைக்கமாட்டா. தாம்பரத்தில் தாராளமாகக் கிடைத்தன. இன்றும் அவ்விடத்து இரயில் நிலையத்திற்குத் 'தாம்பரம் சானடோரியம்' என்ற பெயரே வழங்குகிறது. 1937ஆம் ஆண்டில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியும் ஜார்ஜ் டவுனின் நெரிசலை விட்டு நீங்கி, சேலையூரை அடுத்த காட்டுப் பகுதியில், 300 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தில் குடியேறிற்று. நோயாளிக்கும் மாணவனுக்கும் வேண்டிய அமைதியை அந்நாளில் அவ்வூர் விலையின்றி வழங்கி வந்தது.

அதே தாம்பரத்திலும், குரோம்பேட்டையிலும், பல்லாவரத்திலும் இன்று நூற்றுக்கணக்கான இளைஞரும் இளம்பெண்களும் வீட்டறையின் கதவைச் சாத்திக்கொண்டு, ஒலிவாங்கியின் முன் நின்று பாடுகின்றனர். பாடியதைத் தாமே பதிவு செய்கின்றனர். பதிவானதைக் கேட்கும்போது அவர்கள் முகம் வாடுகிறது. பாட்டின் பின்னணியில் ஒரு சீறல். அல்லது வண்டு முரல்வது போன்ற ஒரு ரீங்காரம். அல்லது இடையிடையே ஒரு கரகரப்பு. 'கருவி மட்டமானது' என்பது அவர்களுக்கு முதலில் தோன்றும் எண்ணம். கடன் வாங்கியேனும் விலையுயர்ந்த வேறொரு கருவியை வாங்குகின்றனர், இரைச்சல் போவதில்லை. 'என் குரலே பதிவுக்கு ஏற்றதன்று போலும்' என்பது அடுத்துத் தோன்றும் எண்ணம். அதன்பின் சிலர் பாடுவதையே விட்டுவிடுகின்றனர்.

இவ்விரு எண்ணங்களும் பெரும்பாலும் தவறானவை. ஒலிவாங்கியின் முன் இரைச்சல் மூன்று வாயில்களின் வழியாக நுழைகிறது. இடம் ஒரு வாயில்; மின்சாரம் ஒரு வாயில்; கருவியும் அதனைக் கையாளும் முறையும் மற்றொரு வாயில். ஒலிப்பதிவுத் தொழிலில் ஈடுபட்ட முன்னோர் இம்மூன்றையும் ஒவ்வொன்றாகக் கண்டறிந்து அடைத்த வரலாறு சுவையானது. அவ்வரலாற்றை அறிந்தவர் தம் வீட்டு இரைச்சலுக்கு மருந்தையும் அதிலேயே கண்டுகொள்ளலாம்.

முதலில் கருவியின் பிறப்பைப் பார்ப்போம். வானொலியின் தொடக்க நாட்களில் கரித்துகள் நிறைந்த ஒலிவாங்கிகளே பெரிதும் பயன்பட்டன. குரல் பட்டதும் துகள்கள் நெருங்கியும் விலகியும் மின்னோட்டத்தை மாற்றும். ஆனால் யாரும் பேசாதபோதும் அத்துகள்கள் மெல்லச் சீறிக்கொண்டே இருக்கும். அந்நாளில் இரைச்சல் கருவிக்குள்ளேயே குடியிருந்தது.

1916ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த எட்வர்டு வெண்ட் என்பவர் வேறு வகைக் கருவி ஒன்றை ஆக்கினார். மிக மெல்லிய சவ்வு ஒன்று; அதன் பின்னே, மயிரிழை போன்ற இடைவெளி விட்டு, ஓர் உலோகத் தகடு. இரண்டிற்கும் இடையே மின்னூட்டம் நிற்கிறது. ஒலி அலை பட்டுச் சவ்வு அசையும்போது இடைவெளி கூடிக் குறைகிறது. அதற்கேற்ப மின்னழுத்தமும் மாறுகிறது. இதுவே மின்தேக்கி ஒலிவாங்கி. கடைவீதியில் 'கண்டென்சர் மைக்' என்று கேட்டால் கொடுப்பது இதனையே.

இங்கே நாம் நினைவிற் கொள்ளவேண்டிய செய்தி ஒன்று உண்டு. வெண்ட் இதனைப் பாடகருக்காக ஆக்கவில்லை. ஒலியின் வலிமையைச் சரியாக அளப்பதற்கென்றே ஆக்கினார். அளக்கும் கருவிக்கு வேண்டியவர் வேண்டாதவர் என்ற வேறுபாடு இல்லை. பாடகியின் குரலையும், மின்விசிறியின் சுழற்சியையும், மூன்றாம் தெருவில் செல்லும் தண்ணீர் லாரியையும் அது ஒரே நேர்மையோடு பதிவு செய்யும். நம் காதோ அத்தகையதன்று. நாள்தோறும் கேட்கும் ஓசையைக் கேளாதிருக்க அது பழகிவிட்டது. இருப்புப்பாதையின் ஓரத்தில் குடியிருப்பவர் இரயில் ஓசையால் விழித்தெழுவதில்லை. ஆகவே, காது அமைதி என்று சொல்லும் அறையை ஒலிவாங்கி அமைதி என்று ஒப்புக்கொள்வதில்லை. 'புதிய மைக்கில் இரைச்சல்' என்று முறையிடுபவர் பல வேளைகளில் தம் அறையைப் பற்றித்தான் முறையிடுகின்றார்.

இனிச் சென்னைக்கு வருவோம். 1924ஆம் ஆண்டில் கிருஷ்ணசாமிச் செட்டியாரின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றிற்று. பொருள் முடையால் அது நின்றபின், 1930ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சி ஒலிபரப்பை ஏற்று நடத்திற்று. 1938ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கப்பெற்றது. மாநகராட்சி ஒலிபரப்பிற்கும் வானொலி நிலையத்திற்கும் இடைப்பட்ட ஆண்டுகளில்தான் தென்சென்னையின் ஒலி வரலாற்றில் ஒரு திருப்பம் நேர்ந்தது.

1931ஆம் ஆண்டில் இரண்டு நிகழ்ச்சிகள் நடைபெற்றன. சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மீட்டர் பாதையில் மின்சார இரயில் ஓடத் தொடங்கிற்று. அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் தமிழின் முதற் பேசும்படமான 'காளிதாஸ்' திரையிடப்பெற்றது. பட்டணத்தின் பேரொலி புறநகருக்குப் பாதை வகுத்துக்கொண்ட ஆண்டும், தமிழ்க்குரல் திரையில் ஒலித்த ஆண்டும் ஒன்றே. அன்று முதல் இவ்விரண்டும் ஒன்றையொன்று துரத்தியே வந்திருக்கின்றன.

'காளிதாஸ்' படம் சென்னையில் எடுக்கப்பெறவில்லை, பம்பாயில் எடுக்கப்பெற்றது. பேச்சைப் பதிவு செய்யும் கூடம் அப்போது சென்னையில் இல்லை. இக்குறையை 1934ஆம் ஆண்டில் ஏ. நாராயணன் போக்கினார். அவர் அமைத்த சீனிவாசா சினிடோன் கூடத்தில் 'சீனிவாச கல்யாணம்' உருவாயிற்று. அங்கே ஒலிப்பதிவுப் பொறுப்பை ஏற்றவர் அவர்தம் துணைவியார் மீனாட்சி அம்மையார். இந்தியாவிலேயே ஒலிப்பதிவுத் தொழிலை மேற்கொண்ட முதற் பெண்மணி என்று அவரைப் போற்றுவர்.

அக்காலக் கூடங்கள் எத்தகையவை? சூரிய ஒளியிலேயே படம் எடுத்தனர். ஆகவே கூரையையும் சுவரையும் அடைத்துக்கொள்ள இயலாது. கதாநாயகி உருகிப் பாடும்போது மரத்தின் மேலிருந்து காக்கை கரையும், பதிவை நிறுத்தவேண்டியதுதான். காக்கைகளை விரட்டுவதற்கென்றே துப்பாக்கி ஏந்திய ஆள் ஒருவரை அமர்த்தியிருந்தனர் என்று திரைப்பட வரலாறு எழுதியோர் கூறுவர். கேட்போர் இன்று நகைக்கலாம். ஆயினும் அவர்கள் செய்தது அறிவுடைய செயலே. கருவியைக் குறைகூறாமல், ஓசை எங்கிருந்து வருகிறது என்று நோக்கினர். வரும் இடத்திலேயே அதனை நிறுத்த முயன்றனர்.

அடுத்த படி 1938இல் எடுத்து வைக்கப்பெற்றது. ஏ. வி. மெய்யப்பனாரின் 'நந்தகுமார்' படத்தில் நடித்தவர் ஒருவர். அவருக்காகப் பாடியவர் வேறொருவர். இதனைப் பின்னணி பாடும் முறை என்கிறோம். நடிக்கும் அழகும் பாடும் திறனும் ஒருவரிடமே அமைவது அரிது என்பது இம்முறை பரவியதற்கு ஒரு காரணம். ஆனால் மற்றொரு நன்மையும் விளைந்தது. பாட்டு, படம்பிடிக்கும் களத்தின் சந்தடியை விட்டு நீங்கி, தனக்கென ஓர் அமைதியான அறையைப் பெற்றது. 1940களில் கோடம்பாக்கத்தைச் சூழ்ந்து பெருங்கூடங்கள் எழுந்தன. தாம்பரம் செல்லும் மின்வண்டிப் பாதை அவ்வூர் வழியாகவே செல்லுகிறது. அந்தப் பாதையை யாரும் நகர்த்தவில்லை. கனத்த சுவர்களை எழுப்பிக்கொண்டனர்.

சுவரைப் பற்றி இங்கே ஒன்று தெளிதல் நலம். அறைக்குள் எழும் எதிரொலியை அடக்குவது வேறு. வெளியோசை உள்ளே வாராமல் தடுப்பது வேறு. மெத்தையும் கம்பளமும் திரைச்சீலையும் முதற் செயலைச் செய்யும், இரண்டாவதைச் செய்யமாட்டா. வெளியோசையைத் தடுக்க வேண்டுவன கனமும், காற்றுப் புகாத அடைப்பும், இரண்டு சுவர்களுக்கிடையே இடைவெளியும் ஆகும். முட்டை அடுக்கும் அட்டைகளைச் சுவர் முழுதும் ஒட்டிவிட்டு, இரயில் ஓசை குறையவில்லையே என்று வருந்துவோர் உளர். கதவின் அடியில் உள்ள ஒரு விரற்கடைச் சந்தை அடைத்திருந்தால் அவர்களுக்கு அதைவிடக் கூடுதலான பயன் கிடைத்திருக்கும்.

இரண்டாம் வாயில் மின்சாரம். நம் வீடுகளுக்கு வரும் மின்னோட்டம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைகிறது. கருவியின் கம்பியில் அது கலந்துவிட்டால், 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் ஒரே சுருதியில் ரீங்காரம் கேட்கும். சுருதி மாறாமையே இதன் அடையாளம். வெளியோசை ஏறும், இறங்கும், ஓயும். மின்சார ரீங்காரம் ஓயாது.

இவ்வாயிலை அடைக்கப் பொறியியலார் கண்ட வழி மூன்று கம்பிகள் கொண்ட சமநிலை இணைப்பு. இரு கம்பிகளில் ஒரே குரலை எதிரெதிராகச் செலுத்துவர். வழியில் புகும் இரைச்சல் இரண்டிலும் ஒன்றுபோலவே புகும். இறுதியில் ஒன்றை மற்றொன்றிலிருந்து கழிக்கும்போது இரைச்சல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும், குரல் இரட்டிக்கும். அக்கம்பிகளின் வழியாகவே ஒலிவாங்கிக்கு வேண்டிய மின்சாரத்தையும் அனுப்பலாம் என்று கண்டனர். ஜெர்மனியின் நாய்மன் நிறுவனம் 1966ஆம் ஆண்டில் நார்வே நாட்டு வானொலிக்காக இம்முறையில் ஒலிவாங்கிகளைச் செய்து தந்தது. குளிர்காலத்தில் பெரும்பொழுது இருண்டிருக்கும் நாடு அது. அவ்வானொலி நிலையத்தில் அவசர விளக்குகளுக்கென 48 வோல்ட் மின்சாரம் ஏற்கெனவே இருந்தது, அதனையே பயன்படுத்திக்கொண்டனர். இன்று தாம்பரத்து இளைஞர் தம் பதிவுப்பெட்டியில் '48' என்று பொறித்த பொத்தானை அழுத்தும்போது, நார்வேயின் இருண்ட மாலைப் பொழுதுகளுக்கு அவர் ஒருவகையில் கடன்பட்டவராகிறார்.

இந்த 48 வோல்ட் கிடைக்காதபோதும், சமநிலை இணைப்பு இடையில் முறியும்போதும் தொல்லை தொடங்குகிறது. மலிவாகக் கிடைக்கும் ஒலிவாங்கிகள் பலவற்றை, இணைப்பு மாற்றும் ஒரு சிறு கம்பியின் துணைகொண்டு நேரே கணினியின் காதணித் துளையிற் சொருகிவிடுகின்றனர். அங்கே மிகச் சில வோல்ட்டே கிடைக்கும். மூன்று கம்பி இரண்டாகச் சுருங்கிவிடும். கணினியின் உள்ளே ஓடும் மின்னோட்டங்களின் சலசலப்பெல்லாம் குரலோடு கலக்கும். இக்குற்றம் ஒலிவாங்கியினுடையதன்று. முறையாக 48 வோல்ட் தரும் சிறு பதிவுப்பெட்டி ஒன்று இதற்கு மருந்தாகும்.

மூன்றாம் வாயில் கையாளும் முறை. ஒலிவாங்கிக்கும் வாய்க்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபல் உயரும். 2 அடி தள்ளி நின்று பாடுபவர் அரையடிக்கு நெருங்கினால் 12 டெசிபல் கிட்டும். அந்த அளவிற்குப் பெருக்கத்தைக் குறைத்துக்கொள்ளலாம். அறையின் இரைச்சலும் அந்த அளவிற்குத் தாழும். ஒரு காசும் செலவில்லாத இம்மருந்துக்கு ஈடான வேறொன்றைக் காண்பது அரிது. மிக நெருங்கினால் மூச்சுக்காற்று 'ப', 'ப்ப' என்னும் எழுத்துக்களில் மோதும். இடையே ஒரு மெல்லிய துணித்திரை வைத்தால் போதும். ஒருபக்கம் மட்டும் கேட்கும் வகை ஒலிவாங்கியாயின், அதன் முதுகை மின்விசிறிக்கோ சன்னலுக்கோ காட்டி நிறுத்துதல் வேண்டும். முன்புறம் எது, முதுகு எது என்று அறியாமலேயே பாடுவோர் பலர்.

கடற்காற்று வீசும் நம் நகரத்திற்கே உரிய ஓர் இடையூறும் உண்டு. மின்தேக்கி ஒலிவாங்கியின் உள்ளே மிகச் சிறிய மின்னூட்டம் தங்கவேண்டும். ஈரம் படிந்தால் அது கசிந்துவிடும். 'பட், பட்' என்று வெடிப்பது போன்ற கரகரப்பு எழும். ஐப்பசி கார்த்திகை மழைக்காலத்தில் இத்தொல்லை மிகும். குளிரூட்டிய அறையிலிருந்து புழுக்கமான அறைக்குக் கருவியைக் கொண்டுவந்த உடனேயும் இது நேரலாம். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு மூடிய பெட்டியில் கருவியை வைத்துக் காத்தால், பழுதென்று கருதியது பல வேளைகளில் தானே சரியாகிவிடும்.

இல்லத்தில் பதிவு செய்வது தாழ்ந்த முறை என்று எண்ணவேண்டுவதில்லை. ஏ. ஆர். ரகுமான் 1989ஆம் ஆண்டில் கோடம்பாக்கத்தில் தம் இல்லத்தின் பின்புறத்திலேதான் 'பஞ்சதன்' பதிவுக்கூடத்தை அமைத்தார். 1992இல் 'ரோஜா' படத்தின் இசை அவர் புகழை நாடெங்கும் பரப்பியது. ஆனால் அங்கே ஒலிப்பதிவுக்கென்றே ஒரு கூடம் அமைக்கப்பெற்றது. பின்வந்த ஆண்டுகளில் கணினி மலிந்தது, பதிவுப்பெட்டி மலிந்தது, ஒலிவாங்கியும் மலிந்தது. கூடத்தின் கருவிகளெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டன; கூடத்தின் சுவர் மட்டும் வரவில்லை. இன்றைய முறையீடுகளுக்கெல்லாம் பெரும்பாலும் இதுவே மூலம்.

ஆகவே, நேயர்களே, இரைச்சல் கண்டவிடத்துச் செய்யத்தக்கது யாது? முதலில் பாடாமல் ஒரு நிமிட மௌனத்தைப் பதிவு செய்க. காதணியில் அதனைக் கேட்க. ஏறி இறங்கும் ஓசையாயின் அது இடத்தைச் சேர்ந்தது. மாறாச் சுருதியில் நிற்கும் ரீங்காரமாயின் மின்சாரத்தைச் சேர்ந்தது. பெருக்கத்தைக் கூட்டும்போது உடன் கூடும் சீறலாயின் தூரத்தையும் பதிவுப்பெட்டியையும் நோக்குக. வெடிக்கும் கரகரப்பாயின் ஈரத்தையும் தளர்ந்த கம்பியையும் நோக்குக.

பிறகு ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்க. மின்விசிறியை நிறுத்துக, குளிர்பதனப் பெட்டியைச் சற்று நேரம் நிறுத்துக, விளக்கின் ஒளியைக் குறைக்கும் திருகு இருப்பின் அதனையும் அணைக்க. கைப்பேசியை அடுத்த அறையில் வைக்க. மடிக்கணினியின் மின்னூட்டியைப் பிடுங்கிவிட்டு, மின்கலத்திலேயே இயக்கிப் பார்க்க. ரீங்காரம் நின்றால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான். அப்போது எல்லாக் கருவிகளையும் ஒரே மின்துளையிலிருந்து இயக்குதல் நன்று. ரீங்காரத்தைப் போக்குவதற்காக மூன்று முளைச் சொருகியின் நிலத்தொடர்பு முளையை ஒடித்துவிடுவார் சிலர்; உயிருக்கே கேடு விளைக்கும் செயல் அது. ஒருபோதும் செய்யலாகாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றவேண்டும் என்பதும் முக்கியம். எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றியவனுக்கு இரைச்சல் போனாலும் காரணம் தெரியாது. மறுநாள் அது திரும்பி வரும்.

தென்புறநகரில் வாழ்வோர்க்குச் சிறப்பாகச் சொல்லத்தக்கவை சில. 1932ஆம் ஆண்டில் டாட்டாவின் அஞ்சல் விமானச் சேவை கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னை வரை வந்தது. அன்று எப்போதோ ஒரு முறை கேட்ட விமான ஓசை, இன்று மீனம்பாக்கத்தைச் சுற்றிலும் இரவுபகல் ஓயாமல் கேட்கிறது. அதனை வீட்டுச் சுவர் தடுக்காது. ஒரு விமானம் கடந்தபின் மற்றொன்று வருமுன் பாடுவதே வழி. இரயிலின் ஓசையில் தாழ்ந்த அதிர்வே மிகுதி. அது காற்றின் வழியாக மட்டுமன்றித் தரையின் வழியாகவும் வரும். ஒலிவாங்கியை மேசையின் மேல் வைக்காமல், இழுபட்டைகளில் தொங்கும் தாங்கியில் வைத்து, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியை வடிகட்டினால், பெண்குரலுக்கு ஊறு நேராமல் அவ்வதிர்வு பெரிதும் குறையும். துணி நிறைந்த அலமாரியும் மெத்தையும் உள்ள உள்ளறையே வீட்டில் தக்க இடம். நள்ளிரவுக்குப் பின் புறநகர் மின்வண்டிகள் ஓய்ந்திருக்கும் சிறுபொழுதே தக்க காலம். சித்திரை வெயிலில் விசிறியின்றிப் பாடுவது துன்பந்தான். ஆயினும் ஒரு பாட்டுக்கு ஐந்து நிமிடம் வியர்ப்பது பெரிதன்று.

'பதிந்தபின் கணினியைக் கொண்டே இரைச்சலை நீக்கிவிடலாமே' என்று சிலர் வினவுவர். நீக்கலாம், ஆனால் அதற்கு விலை கொடுக்க வேண்டும். 'ஸ', 'ஷ' போன்ற ஒலிகள் சீறலைப் போன்றவை. கமகத்தின் முடிவில் மெலிந்து மறையும் இழையோ இரைச்சலின் அளவிற்கே தாழ்ந்து நிற்பது. இரைச்சலைச் சுரண்டும் கணினி இவற்றையும் சேர்த்தே சுரண்டிவிடும். எஞ்சுவது தூய்மையாகத் தோன்றும். அதில் உயிர் குன்றியிருக்கும். நம் இசையின் நுட்பமோ அம்மெல்லிய இழைகளிலேயே தங்கியிருக்கிறது.

இதனாலேயே காக்கையை விரட்டியவர்களின் வழி இன்றும் பின்பற்றத்தக்கது என்கிறேன். அவர்களிடம் இன்றைய கருவிகளில் ஒன்றேனும் இல்லை. ஆயினும் ஓசை பிறக்கும் இடத்திற்கே சென்று அதனை நிறுத்தவேண்டும் என்ற தெளிவு அவர்களிடம் இருந்தது. தாம்பரத்தின் பழைய அமைதி திரும்பி வரப்போவதில்லை. ஆனால் ஓர் அறையில், ஒரு பாட்டின் அளவிற்கு, அதனை நாமே உண்டாக்கிக்கொள்ளலாம். பாடும் இளைஞர்கள் புதிய கருவிக்குப் பணம் தேடுமுன்னும், தம் குரலைப் பழிக்குமுன்னும், அந்த ஒரு நிமிட மௌனத்தைப் பதிவு செய்து கேட்பார்களாக. குற்றம் குரலில் இல்லை என்பதை அவர்களுள் மிகப் பலர் அப்போது அறிந்துகொள்வர்.